அத்தான் அரைத்த காளான் விழுது

மனிதகுலம் எத்தனையோ புரட்சிகளைக் கண்டிருக்கிறது. ஆனால் என் அத்தான் ஏப்ரன் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்த அந்தச் சனிக்கிழமைக்கு அவை எதுவும் உறைபோடக் காணாது என்பது என் தாழ்மையான கருத்து.

அக்காவுக்கு வங்கியில் கிளை மேலாளராகப் பதவி உயர்வு. மாலையில் அலுவலகத்தார் வாழ்த்த வருகிறார்கள்.

"இன்னிக்கு உன் நாள். நீ சோபாவை விட்டு எழுந்திருக்கவே கூடாது," என்று அத்தான் உத்தரவு போட்டார். சாப்பாடு வெளியிலிருந்து வந்துவிடும். அதற்கு முன் ரொட்டித் துண்டில் தடவிக் கொறிக்கக் காளான்-முந்திரி விழுது. அது முழுக்க அவர் பொறுப்பு.

அக்கா புது உடை உடுத்திச் சோபாவில் உட்கார்ந்தாள். "வீட்டுக்கு யார் வந்தாலும் நான் அடுப்படியிலதான்டா நிப்பேன். இன்னிக்காவது எல்லாரோடயும் உக்காந்து பேசணும்," என்றாள் என்னிடம். எனக்கே மனம் நெகிழ்ந்துவிட்டது.

அத்தான் 'முதற்கட்டப் பணி'யாகக் காளானைத் தண்ணீரில் ஊறப்போட்டார்.

"ஊறப்போட்டா சொதசொதன்னு ஆயிடுங்க. ஈரத் துணியால தொடைச்சாலே போதும்," என்றாள் அக்கா.

"நீ பேசாம உக்காரு. ஆமா, துணி எங்க இருக்கு?"

துணி எடுத்துத் தர எழுந்தவள் திரும்பி வரவில்லை. காளானைப் பிழிந்து, வெங்காயம் பூண்டோடு நீர் வற்ற வதக்கியது அக்கா. முந்திரியைக் கருகாமல் வறுத்ததும் மிளகு சேர்த்து அரைத்ததும் அக்கா. இவையெல்லாம் சில்லறை 'ஒத்தாசை'கள். செய்முறையைப் போனில் பார்த்து உரக்க வாசிக்கும் தலையாய வேலையை அத்தான் யார் தயவும் இல்லாமல் தனியாகவே முடித்தார். நானும் சும்மா இருக்கவில்லை; அடிக்கடி உப்புப் பார்த்தேன்.

விருந்தாளிகள் வந்தார்கள். ஏப்ரனைக் கழற்றாமலே அத்தான் தட்டை ஏந்தி வந்தார்.

"நீங்களே செஞ்சீங்களா சார்?"

"ஏதோ நம்மால முடிஞ்சது."

பெண் ஊழியர்கள் பெருமூச்சு விட்டார்கள். ஒருவர் கூட வந்திருந்த தன் கணவரை ஒரு பார்வை பார்த்தார். தட்டு காலியானதும் அத்தான் உள்பக்கம் குரல் கொடுத்தார்: "ஏம்மா, நாம இன்னொரு தடவை அரைச்சுடலாமா?"

அந்த 'நாம'வில்தான் எவ்வளவு பெருந்தன்மை.

பிறகு அக்காவின் மேலதிகாரி பூங்கொத்துடன் எழுந்து நின்றார். "இந்தப் பதவிக்கு உழைப்பு மட்டும் போதாது. வீட்டுல வேலையைப் பகிர்ந்துக்க இப்படி ஒருத்தர் வேணும். மேடம் கொடுத்துவச்சவங்க," என்று சொல்லி, எதிரில் நின்ற அத்தான் கையிலேயே பூங்கொத்தைக் கொடுத்துவிட்டார்.

எல்லோரும் கைதட்டினோம். வாய் நிறைய விழுதோடு நான்தான் பலமாகத் தட்டினேன். அக்காவுக்கு மட்டும் எதுவும் கேட்டிருக்காது. உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.