எல்லாவற்றிலும் டிக் போட்ட அக்காவுக்கு

அன்பும் மரியாதையும் மிகுந்த மார்லிஸ் அக்காவுக்கு, உன் தங்கை ரோண்டா எழுதிக்கொள்வது. இங்கே நான் கால் வீக்கம் தவிர சௌக்கியம். அங்கே நீயும் டுவெய்ன் அத்தானும் பசுக்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்றும், மின்னசோட்டாவின் பனி இந்த வருஷமாவது ஈஸ்டருக்கு முன்னால் உருக வேண்டும் என்றும் வேண்டிக்கொள்கிறேன்.

அக்கா, அத்தான் போன் செய்தார். நீ நர்ஸ் லைசென்ஸ் தேர்வில் தவறிவிட்டாயாம், இரண்டாவது தடவைக்கு வாங்கிய தேதியையும் ரத்து செய்யப்போகிறாயாம், பழையபடி பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போகிறாயாம். "அவளுக்கு நிதானிச்சு முடிவெடுக்கத் தெரியலன்னு கம்ப்யூட்டரே சொல்லிடுச்சாம். மாட்டுக் கொட்டகைல போய் நின்னு அழறா" என்றார். ஐம்பது வயதுக்கு மேல் கல்லூரிக்குப் போய், பேரன் வயசுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து முடித்தவள் நீ. உனக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று ஒரு இயந்திரம் சொல்லி, அதை நீயும் நம்பினாய் என்று கேட்டதும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. போனில் பேசலாம்தான். ஆனால் போன் என்றால் நீ பேசுவாய், நான் உம் கொட்டுவேன், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் எழுதுகிறேன், குறுக்கே பேசாமல் படி.

போன வாரம் நான் ஊரில் இல்லாததற்குக் காரணம் இதுதான். நீ எழுதிய அதே தேர்வுக்குக் கேள்வி தயாரிக்க நாட்டின் பல மூலைகளிலிருந்து எட்டு நர்ஸுகளை வரவழைத்து, ஒரு விமான நிலைய ஓட்டலில் மூன்று நாள் அடைத்து வைத்திருந்தார்கள், அதில் நானும் ஒருத்தி. விமானத்தில் ஏற்றிய என் பெட்டி மட்டும் தவறி டென்வருக்குப் போய்விட்டது. நாட்டின் நர்ஸுகளின் தரத்தை நிர்ணயிக்கும் கூட்டத்துக்கு, விமான நிலையக் கடையில் வாங்கிய, நெஞ்சு முழுக்க ஒரு மீன் வாயைப் பிளந்துகொண்டிருக்கும் பனியனோடு போய் உட்கார்ந்தேன். போனவுடனே ரகசியம் காப்பேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். பெல்காம்ப் என்று ஒருவர். நர்ஸ் இல்லை, கணக்கு நிபுணர். கேள்வி சரியாக அளக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. எங்கள் செல்போன்களை எல்லாம் ஒரு இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆகவே கேள்விகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஒரு கேள்வியில் ஒரு மனிதர் வருகிறார், வயது சொல்லமாட்டேன். அவருக்கு ஒரு உறுப்பு சரியில்லை, எந்த உறுப்பு என்றும் சொல்லமாட்டேன், எல்லோரிடமும் இருப்பதுதான்.

ஆனால் நான் எழுதிய கேள்வியைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். ஒரு சோள விவசாயி. அக்டோபர் மாதம், வானம் வெளுத்திருக்கிறது. அவர் தானாகவே வண்டி ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டால், பரவாயில்லை, இதைவிட மோசமாக இருந்திருக்கலாம் என்கிறார். டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டியது எது? நம் ஊரில் பிறந்த குழந்தை கூட விடை சொல்லும். லூசியானாவிலிருந்து வந்த ஒடெட்டா, அவசரப் பிரிவில் வேலை பார்ப்பவள், கேள்வியைப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன் கண்ணு, பரவாயில்லன்னு சொல்றவனுக்காக நான் எதுக்கு டாக்டர எழுப்பணும்? எங்க ஊர்ல நெஞ்சு வலிச்சா தெருவுக்கே கேக்கும்."

"எங்க ஊர்ல அறுவடை நேரத்துல வயல விட்டுட்டு ஒருத்தன் தானா வந்து நின்னாலே, பாதிரியாருக்குச் சொல்லி அனுப்பிட்டுத்தான் பிபி பாப்போம்" என்றேன்.

மீன் பனியனோடு எவ்வளவு கௌரவமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு கௌரவமாகத்தான் சொன்னேன். பெல்காம்ப் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி யோசித்தார், அது அவர் பழக்கம். "ஃப்ளோரிடால படிக்கற பொண்ணுக்கு சோளம் எப்ப அறுப்பாங்கன்னு தெரியுமா? தெரியலன்னா அவ நல்ல நர்ஸ் இல்லையா?" என்று கேட்டார். கேள்வி குப்பைக்குப் போனது. அந்தக் கோபத்தோடு, உன் பெயரைச் சொல்லாமல், தேர்வு முடிந்த அன்று நீ போனில் புலம்பியதையே அவரிடம் கேட்டேன்: பொருந்துவதையெல்லாம் டிக் செய்யச் சொல்லும் பட்டியலில் தப்பானதை டிக் செய்தால் சரியானதற்குக் கிடைத்த மதிப்பெண்ணையும் ஏன் பிடுங்குகிறீர்கள், அக்கறையோடு எல்லாவற்றையும் கவனித்தவளுக்கு இதுவா பரிசு? அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. "எல்லாத்தையும் டிக் பண்ணிட்டா, அவங்க எதப் பாத்தாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நீ கேள்வியில் வந்த நோயாளியின் மூச்சுத் திணறலோடு சேர்த்து, அவர் மனைவி காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதையும் டிக் செய்தேன் என்று சொன்னாயே, அது எனக்கு ஞாபகம் வந்தது. அதை எப்படி டிக் செய்யாமல் விடுவது என்றுதானே நீ கேட்டாய்.

மூன்றாம் நாள் மதியம், சாப்பிட்டுவிட்டு வந்து, மூச்சு வாங்கும் ஒரு கேள்வித்தாள் பாட்டிக்கு முதலில் ஆக்சிஜனா, தலையை உயர்த்துவதா என்று எட்டுப் பேரும் எட்டு விதமாகக் கத்திக்கொண்டிருந்தோம். (பாட்டி என்று சொன்னதை மறந்துவிடு.) பெல்காம்ப், "ஒண்ணுமில்ல, நீங்க பேசுங்க, கொஞ்சம் வெக்கையா இருக்கு" என்றார். அவ்வளவுதான். ஒடெட்டா மேஜைக்கு மேலேயே ஏறி அந்தப் பக்கம் குதித்துவிட்டாள். நான் அவர் நாடியைப் பிடித்திருந்தேன், எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. மெயின் மாநிலத்திலிருந்து வந்த கர்டிஸ், ஆம்புலன்ஸைக் கூப்பிடப் பெட்டியை இழுத்தால் அது பூட்டியிருக்கிறது, சாவி நோயாளியின் சட்டைப்பையில், அந்தப் பைமேல் என் முழங்கை. அவன் பூட்டிய பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டே ஓட்டல் வரவேற்புக்கு ஓடினான். எதற்குத் தூக்கிக்கொண்டு ஓடினான் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் அவரைத் தரையில் சாய்த்து உட்கார வைத்து, ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இதயத்தில் அடைப்பு. பிழைத்துக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் போன பிறகு எங்களுக்கு வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. நர்ஸ் புத்தி, இதையே ஒரு கேள்வியாக எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். முதலில் எதைக் கவனித்தோம்? நான் அவர் முகம் சாம்பலாகப் போனதைச் சொன்னேன். ஒருத்தி, தாடையைத் தேய்த்தார் என்றாள். ஒடெட்டா, அவர் பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டார், மூன்று நாளில் அவர் அதைக் கீழே வைத்ததே இல்லை என்றாள். அதைக் கேள்வியில் எப்படி எழுதுவது? எட்டுப் பேர் விடையும் வேறு வேறு, எட்டுப் பேர் கையும் ஒரே வேலையைச் செய்திருக்கிறது. விடியும்வரை பேசியிருந்தாலும் அந்தக் கேள்வியை எங்களால் எழுதியிருக்க முடியாது. ஆனால் ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனோம். காபி கொட்டிக் கேள்வித்தாளெல்லாம் நனைந்தது, நாற்காலி விழுந்தது, ஒடெட்டாவின் முழங்காலில் ரத்தம். எதையும் ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டதால்தான் அந்த மனிதர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார். அந்தத் தேர்வு உன்னிடம் கேட்டதும் இதுதான் அக்கா, உனக்கு இரக்கம் இருக்கிறதா என்று அது கேட்கவே இல்லை.

இது உனக்குத் தெரியாதா? அத்தானின் கை தானியம் ஏற்றும் இயந்திரத்தில் மாட்டிக்கொண்டதே, அன்றைக்கு நான் உன் வீட்டில்தான் இருந்தேன். இரட்டைப் பிள்ளைகள் வீறிட்டு அழுதன, அடுப்பில் பன்றிக்கறி கருகியது, சமையலறைத் திரைச்சீலை பற்றிக்கொண்டது. நீ ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பு பெல்ட்டை உருவி அவர் கையை முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாய். தீயை நான்தான் அணைத்தேன். அன்றைக்கு யார் சாப்பிட்டார்கள் என்று யோசித்தாயா? அத்தானுக்கு இன்றைக்கு அந்தக் கை இருக்கிறது, அதனால்தான் போனைப் பிடித்துக்கொண்டு உன்னைப் பற்றி என்னிடம் புகார் சொல்கிறார். பரீட்சைக் கேள்வியில் இருப்பவரையும் அத்தான் என்று நினைத்துக்கொள். அவர் மனைவிக்கு அப்புறமாக நீயே சோறு போடு, யாரும் மதிப்பெண்ணைப் பிடுங்கமாட்டார்கள். நீ எழுதித் தோற்றால் பரவாயில்லை. எழுதாமல் விட்டால் எனக்குத் தாங்காது.

டுவெய்ன் அத்தானுக்கு என் வணக்கம். இரட்டையர்களுக்கு முத்தம், தாடி குத்தினாலும் பரவாயில்லை. சர்ச்சில் என்னைக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் பேச்சை என்றும் மீறாத தங்கை,
ரோண்டா

பி.கு.: தபாலில் போடும் முன், எதற்கும் இருக்கட்டும் என்று பெல்காம்புக்கு போன் செய்து, தூக்கி எறிந்த கேள்வியைப் பற்றி ஒருவரிடம் சொல்லலாமா என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே, எறிந்த கேள்வியும் ரகசியம்தான், திருத்தித் திரும்ப வரலாம், அதுவும் தேர்வு எழுதப் போகிறவரிடம் மூச்சே விடக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஆகவே இந்தக் கடிதத்தை அனுப்ப முடியாது. நீ தேறிய பிறகுதான் இதைப் படிக்கலாம், தேறுவதற்காகத்தான் இதை எழுதினேன். வேறு வழியில்லாமல் இப்போதுதான் உனக்கு போன் செய்து, தேதியை ரத்து செய்யாதே, போய் எழுது என்றேன். ஏன் என்று கேட்டாய். காரணம் பக்கம் பக்கமாக இருக்கிறது, ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது என்றேன். பிறகு, "தேர்வுக்கு என்னை நீயே வந்து கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டாய்.