கேட்டால் டயல் செய்யும்

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி வரை வீட்டுத் தொலைபேசி மணியடிக்கவே கூடாது என்று திங்கட்கிழமை காலையில் அவர் முடிவு செய்தார்.

காரணம் மச்சினன். இந்த ஊருக்கு மாற்றலாகி வருகிறான்; மூன்று மாதம் அக்கா வீட்டில் தங்கலாமா என்று கேட்டிருந்தான். அவன் மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். கூடவே ட்ரம்பெட்டும் வருகிறது. பதில் கேட்க வெள்ளிக்கிழமை ஆறுக்குள் ஆபீஸிலிருந்து அவனே கூப்பிடுவான். லைன் கிடைக்காவிட்டால் விடுதியில் அறை எடுத்துக்கொள்வான்.

ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தால் அது சூழ்ச்சி. கணினி லைனைப் பிடித்துக்கொண்டால் அது விஞ்ஞானம். ஆகவே தன் லினக்ஸ் கணினியில் தானாக டயல் செய்யும் வசதியை ஏற்படுத்தினார். உள்ளே எது இணையத்தைக் கேட்டாலும் மோடம் அதே போன் லைனில் டயல் செய்யும்; அதுவரை வெளியிலிருந்து யாரும் கூப்பிட முடியாது. பிடித்தால் ஒரு மணி நேரம் விடாது. அதற்கான கோப்பில் 60 என்று தன் கையாலேயே அடித்திருந்தார்.

மோடம் டயல் செய்தது. கீச்சிட்டது. பிடித்தது. விட்டது. சற்றுப் பொறுத்து மறுபடி அதே கீச்சு. நான்கு நாளாக இதே கதை. விட்ட இடைவெளியில் ஒரு தடவை போன் அடித்தேவிட்டது. பாய்ந்து எடுத்தார். ராங் நம்பர். அதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நான்கரைக்கு மனைவி பள்ளியிலிருந்து வந்தாள். உடற்பயிற்சி ஆசிரியை. கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கியது, சமைக்கும்போதும் தொங்கும்.

“என்னங்க, இன்னும் சரியாகலையா?”

“பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். போன் போச்சேன்னு கோபமா?”

“எனக்கெதுக்குக் கோபம்? கம்ப்யூட்டர் நல்லாயிருந்தாப் போதும்.”

இருபத்திரண்டு வருட இல்லறத்தில் அவள் இப்படிப் பேசியதில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். நெகிழ்ந்துபோனார்.

“கேட்டாத்தான் டயல் பண்ணும்னீங்க. இப்ப யாரு கேக்கறாங்க?”

“யாரும் கேக்கலை. தானாவே பண்ணுது. இந்த வீட்டுல யார் பேச்சை யார் கேக்கறாங்க?”

“கம்ப்யூட்டராவது கேக்குதே, விடுங்க.”

மோடம் கீச்சிட்டது. அவள் ஸ்டாப்வாட்சை அமுக்கினாள். லைன் அறுந்தது. இன்னொரு தடவை அமுக்கினாள். அடுத்த கீச்சையும் அப்படியே அளந்தாள்.

“அறுபது நொடி. அடுத்ததும் அறுபது. எங்க ஸ்கூல் பிள்ளைங்க கூட இவ்வளவு கணக்கா ஓடினதில்ல. எங்கயாவது அறுபதுன்னு எழுதினீங்களா?”

“எழுதினேன். அறுபது நிமிஷம்.”

“நிமிஷம்னு எழுதினீங்களா?”

அவர் கையேட்டைப் புரட்டினார். நொடி என்றிருந்தது. இருமினார். 60 இருந்த இடத்தில் 3600 அடித்தார்.

ஐந்து மணிக்கு மோடம் பிடித்தது. பிடித்தது பிடித்ததுதான். உடும்பு கூட அந்தப் பிடியைப் பார்த்தால் வெட்கப்படும். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. கடிகார முள் ஆறைத் தொட்ட பிறகுதான் முதுகைச் சாய்த்தார்.

“பாவம் உன் தம்பி,” என்றார் பெருந்தன்மையுடன். “லைன் கிடைக்காம எவ்வளவு தவிச்சானோ.”

“அவன் எதுக்குத் தவிக்கணும்? நான்தான் திங்கக்கிழமையே வரச்சொல்லி இந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்தே அவன் ஆபீஸுக்கு மெயில் போட்டுட்டேனே.”

“மெயிலா? உனக்கு அனுப்பத் தெரியுமா?”

“ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தாங்க. இந்த ரூமைப் படம் பிடிச்சு அதுல சேத்தேனா, கனம் தாங்கல. அறுபது நொடியில பாதிகூடப் போகல. லைன் விட்டுடும். கொஞ்ச நேரத்துல அந்த மெயில் மறுபடி கேக்கும்.”

“அப்ப நாலு நாளா கேட்டுக்கிட்டிருந்தது...”

“என் மெயில்தான். நீங்க சரிபண்ணினதும் மூணு நிமிஷம் நாப்பது நொடியில போயிடுச்சு. பதிலும் வந்தாச்சு, பாருங்க.”

திரையில் இருந்தது: ‘அக்கா, படம் பார்த்தேன். அறை பிரமாதம். ஞாயிறு காலை வருகிறேன். ஜன்னலோரம் அந்தக் கணினி மேசை மட்டும் இல்லாவிட்டால் ட்ரம்பெட் வாசிக்க வசதியாக இருக்கும். அத்தானுக்கு என் நன்றி.’

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் மேசையின் ஒரு முனையை ஏற்கெனவே தூக்கிவிட்டிருந்தாள்.

“அந்தப் பக்கம் பிடிங்க,” என்றாள்.