வீட்டில் ஏதோ வேலை செய்கிறது

"என்னங்க, சிங்க்ல பாத்திரம் இல்ல" என்றாள் மனைவி. விடிந்தும் விடியாத நேரம். அவள் குரல் கம்மியிருந்தது.

மேற்பார்வையாளர் போர்வையை மேலே இழுத்துக்கொண்டார். "திருடன் எடுத்துட்டுப் போயிருப்பான்."

"அலமாரில இருக்கு. கழுவி, துடைச்சு, அடுக்கியிருக்கு. நான் தொடவே இல்ல."

"அப்ப அம்மா."

"அத்தையால சுவரைப் பிடிக்காம நிக்கவே முடியாதே!"

கழுவியது சாட்சாத் மேற்பார்வையாளர்தான். கிடங்கில் ஆட்கள் மூட்டை தூக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவர் உத்தியோகம். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். பதவி உயர்வுக்கு ஏதாவது ஒரு சான்றிதழ் வேண்டும் என்றார்கள். சமுதாயக் கல்லூரியின் மாலை வகுப்புகளில் இடம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றில்: பாலினமும் பாலியலும். அந்தப் பெயரை எந்த வாயால் வீட்டில் சொல்வது? ஃபிரிட்ஜ் ரிப்பேர் படிப்பதாகச் சொல்லிவைத்தார்.

பேராசிரியை கொடுத்த வீட்டுப்பாடம் இது. "வீட்டு வேலை செஞ்சா யார் கண்ணுக்கும் தெரியாது, செய்யலேன்னாதான் தெரியும். அது எப்படி இருக்கும்னு நீங்களும் பாருங்க. யாருக்கும் தெரியாம செய்யுங்க."

அடுத்த நாள் துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மனைவி ஒரு சட்டையை விரல் நுனியில் ஏந்திக்கொண்டு வந்தாள். "சட்டைக் கையை எப்படி மடக்கியிருக்கு பாருங்க. பொணத்துக்குக் கட்டி வெச்ச மாதிரி."

அவள் தனியாகச் சமையலறைக்குள் போகவே பயந்தாள். பாவமாக இருந்தது. சரி, பயம் தெளியட்டும் என்று அவர் ஒருநாள் எதையும் தொடாமல் விட்டார். அன்று சிங்க் நிரம்பி வழிந்தது.

"கோவிச்சுக்கிச்சு" என்று அவள் நடுங்கினாள். "நான் என்ன தப்பு பண்ணேன்?"

சமாதானப்படுத்த வேண்டுமே! மறுநாள் ஃபேன் இறக்கைகளையும் சேர்த்துத் துடைத்துவைத்தார்.

அன்று சாயங்காலம் மின்சாரம் போயிருந்தது. இருட்டுச் சமையலறைக்குள்ளிருந்து பேச்சுக்குரல் கேட்டது. மேற்பார்வையாளர் கதவோரம் நின்றார்.

"உனக்கு முதுகு வலிக்கலையா?" மனைவி யாருமில்லாத இடத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு வலிக்கும். யார்கிட்டயும் சொன்னதில்ல. நீ துடைச்ச ஃபேனையே ரொம்ப நேரம் பார்த்துட்டுப் படுத்திருந்தேன், தெரியுமா?"

கல்யாணமான புதிதில் அவரிடம் பேசிய குரல். அவருக்கு மயிர் கூச்செறிந்தது. அப்புறம் வயிறு எரிந்தது. ஆசை எங்கிருந்து வருகிறது என்று வகுப்பில் இரண்டு வாரம் நடந்த பாடத்தில் அவர் தூங்கிவிட்டார். பாத்திரம் கழுவும் இடத்திலிருந்தும் வரும் என்று விழித்திருந்தவர்களும் சொல்லவில்லை.

அதற்கு மேல் பொறுக்கவில்லை. விளக்கு வந்ததும் உள்ளே போனார். "நான்தான் அது."

மனைவி சிரித்தாள். "நீங்களா? தண்ணி குடிச்ச டம்ளரை எடுத்து வெச்சதுண்டா?"

அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஒரு தட்டை எடுத்தார். உள்பக்கம், விளிம்பு, பின்பக்கம் என்று தேய்த்துக் கவிழ்த்துவைத்தார். இரண்டாவது தட்டில் அவள் சிரிப்பு நின்றது. மூன்றாவதில் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"அத்தை! இவருக்குள்ளயே வந்துடுச்சு!"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மகன் பஞ்சைப் பிழிந்து காயவைப்பதை வெகுநேரம் பார்த்தாள். "பெத்தவளுக்குத் தெரியாதா? இது என் புள்ளை இல்ல."

"அம்மா, நான்தாம்மா! காலேஜ்ல பாலினம் படிக்கிறேன். வீட்டு வேலைல சரிபாதி என் பொறுப்பு!"

"கேட்டியா, என்னென்னவோ பேசுது" என்றாள் அம்மா. "ஃபிரிட்ஜ் ரிப்பேர் படிச்சிட்டிருந்த புள்ளை."

"குரல் மட்டும் அப்படியே அவர் குரல்" என்று மனைவி காதைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் மாலை மந்திரவாதி வந்தார். ஜன்னல்களைச் சாத்தச் சொல்லி ஒரே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். மேற்பார்வையாளரை நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணுக்குள் பார்த்தார்.

"யார் நீ?"

"இந்த வீட்டுக்காரர்."

"இந்த வீட்டுக்காரர் வீட்ல என்ன வேலை செய்வாரு?"

மேற்பார்வையாளர் யோசித்துப் பார்த்தார். பொய் சொல்ல வரவில்லை. "ஒண்ணும் செய்ய மாட்டாரு."

"நீ என்ன செய்யற?"

"பாத்திரம் கழுவறேன். துணி மடிக்கிறேன்."

"அப்ப நீ எப்படி அவரா இருப்ப?"

மேற்பார்வையாளர் சோப்பில் ஊறிச் சுருங்கிய தன் விரல்களைப் பார்த்தார். யாருடைய கை இது என்று அவருக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

சமையலறை வாசலில் மனைவி கண்கலங்க நின்றிருந்தாள். அவருக்கு மனசு இளகியது. எத்தனை சோம்பேறியானாலும் புருஷன் திரும்பி வந்தால் போதும் என்று தவிக்கிறாளே! சரி, பேய் போனதாகவே இருக்கட்டும். நாளையிலிருந்து பழையபடி காலை நீட்டி உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு நிம்மதி, தனக்கும் பழைய இடம்.

மந்திரவாதி முணுமுணுத்தபடி அவர் மணிக்கட்டில் ஒரு கயிற்றைச் சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டு இறுக்கினார். மெழுகுவர்த்தி அணைந்தது. கயிறு வலித்தது.

"போயிடுச்சுங்களா?" என்று இருட்டில் கேட்டார் மேற்பார்வையாளர்.

"போறதா? உன்னை ஓட்டச் சொல்லி யாரு கூப்பிட்டா?" என்றார் மந்திரவாதி. "நீ வெளிய போயிடாம கட்டிப்போடத்தானே அவரு சம்சாரம் என்னை வரச்சொன்னாங்க."