அவுன்ஸ் மேஸ்திரியும் என் ரேஸ் கேமும்

ஐம்பதுகளில் பெங்களூர் கண்டோன்மென்ட்டில் பெட்ரோல் குடித்த எந்த ஜீவனும் அவுன்ஸ் மேஸ்திரிக்குத் தெரியாமல் வேகமாக ஓடியதில்லை. ஓடியதாகச் சொன்னவர்கள் எல்லாம் புளுகினார்கள்.

மர்பி டவுனில் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப் அவருடையது. சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். காய்ச்சல் மருந்து அளக்கும் அவுன்ஸ் கிளாஸ் ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். எந்த வண்டி வந்தாலும் இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிக் கவிழ்த்து, அதன் குழியில் அந்தக் கிளாஸால் எண்ணெய் ஊற்றி அளப்பார். குழி சிறிதானால் உள்ளே வரும் பெட்ரோல் காற்று நன்றாக நசுங்கும். அதற்குப் பெயர்தான் கம்ப்ரெஷன். நாலு பங்கு ஒரு பங்காக மட்டும் நசுங்கினால் நாலுக்கு ஒண்ணு, அது மட்டம். அளக்கும்போது யாரும் மூச்சு விடக்கூடாது. ஒருமுறை நான் தும்மித் தொலைத்தேன். என்னைச் சாலைக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு முதலிலிருந்து அளந்தார்.

மனிதர்களையும் அப்படித்தான் எடை போடுவார். "ஒங்க ஹெட்கிளார்க்கு நாலுக்கு ஒண்ணு சார். கையாலயே ஸ்டார்ட் பண்ணலாம்" என்பார். எனக்கு என்ன மார்க் என்று நான் கேட்டதில்லை.

என்னுடையது பட்டாளம் ஏலத்தில் விட்ட பைக். மட்டமான பெட்ரோலுக்கும் ஓடவேண்டும் என்று கம்ப்ரெஷனைக் குறைத்துச் செய்தது. மேஸ்திரியிடமும் அதே ஏலத்தில் வந்த அண்ணன்காரன் ஒன்று இருந்தது. அவர் மட்டும் சீமைக்கு எழுதிப் போட்டு, இரண்டு வருஷம் காத்திருந்து, அந்தக் குழியை அடைத்துச் சிறிதாக்குகிற, உச்சி மேடான பிஸ்டன் ஒன்றை வரவழைத்துத் தம் வண்டியில் போட்டிருந்தார். அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் தாழும்.

இந்த நிலையில் ஆபீஸில் கூட வேலை பார்த்த டேவிட்டிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே பழைய விமான ஓடுபாதையில் பந்தயம். தோற்றவன் ஒரு வருஷம் ஜெயித்தவனின் பின்சீட்டில் உட்கார்ந்து ஆபீஸ் வரவேண்டும். டைப்பிஸ்ட் பெண்கள் ஜன்னலில் நின்று பார்ப்பார்கள். மானப் பிரச்சினை! அலைந்து திரிந்து ஒரு ரேஸ் கேம் ஷாஃப்ட் பிடித்தேன். வால்வு என்னும் கதவுகளை வழக்கத்தைவிட அதிக நேரம் திறந்து வைக்கிற தண்டு அது.

மேஸ்திரி அளந்தார். தலையை ஆட்டினார்.

"வேணாம் சார்."

"ஏன் மேஸ்திரி? ரேஸ் கேம்!"

"டாக்கீஸ் கதவ லேட்டா சாத்தினா இன்னா ஆவும்? வந்த கூட்டத்துல பாதி வெளிய பூடும். மிச்சம் இருக்கறவன நெருக்கி உக்கார வெக்கணும்னா ஹால் சின்னதா இருக்கணும். ஒங்க ஹாலு மைதானம் சார்!"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்து அந்தக் கேமை மாட்டிக்கொண்டேன். சனிக்கிழமை காலை அல்சூர் மேட்டில் வண்டி இருமியது, ஏங்கியது, நின்றது. ஒரு ஜட்கா என்னைத் தாண்டிப் போயிற்று. குதிரை திரும்பிப் பார்த்துச் சிரித்தது என்று சத்தியம் செய்வேன்.

தள்ளிக்கொண்டே மர்பி டவுன் போய்ச் சேர்ந்தேன். மேஸ்திரி திட்டவில்லை. "சும்னே வுட்டுட்டுப் போங்க. நாளைக்குக் காலைல வாங்க சார்" என்றார்.

மறுநாள் வண்டியை உதைத்தேன். அது என்னைத் திருப்பி உதைத்தது! பந்தயத்தில் டேவிட்டின் முகத்தை நான் பார்த்தது, முடித்துவிட்டுத் திரும்பி வரும்போதுதான்.

திங்கட்கிழமை மைசூர்பாகோடு ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினேன். மூலையில் மேஸ்திரியின் வண்டி ஹெட் இல்லாமல் நின்றது. சிலிண்டர் வாயில் சாக்குத் துணி. விலக்கிப் பார்த்தேன். உள்ளே பிஸ்டன் இல்லை.

"மேஸ்திரி, ஒங்க பிஸ்டனையா போட்டீங்க? கழட்டிக்குங்க. பந்தயந்தான் முடிஞ்சிருச்சே."

"ஒங்க கேமுக்குப் பொருந்திப் போச்சு சார். பொருந்தினதப் பிரிக்கறது பாவம்."

"ஒங்க வீடு லிங்கராஜபுரத்துல. அங்கேர்ந்து இனிமே எப்படி வருவீங்க?"

"பஸ்ஸு இருக்கே. நெரிசல்னா நெரிசல், செம கம்ப்ரெஷன்!" என்றபடி மைசூர்பாகை எடுத்துக்கொண்டார்.

அன்றே டேவிட்டைப் பின்சீட்டுத் தண்டனையிலிருந்து விடுவித்தேன். எனக்குப் பெரிய மனசு என்று அவன் ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். உண்மையில் சீட் காலியில்லை. தினமும் காலையில் லிங்கராஜபுரம் போய் மேஸ்திரியை ஏற்றிக்கொண்டு வந்தேன், ஒரு வருஷமல்ல, அவர் இருந்த வரைக்கும். மேட்டில் இஞ்சின் குரல் கொஞ்சம் மாறினாலும் வலது தோளில் ஒரு தட்டு விழும்: "கியர் மாத்துங்க சார்."

இப்போது கார்தான் ஓட்டுகிறேன். அல்சூர் மேடு வந்தால் என் வலது தோள் இன்னும் அந்தத் தட்டுக்குக் காத்திருக்கிறது.