குடும்பத் தலைவர் பதவி காலி

குன்னூருக்கு மேலே அருணோதயா நகர் என்று நாற்பத்திரண்டு வீடுகள். பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். யார் வீட்டு வால்வை எப்போது திறப்பது என்பதைக் குடியிருப்போர் நலச் சங்கம் தீர்மானிக்கும். சங்கம் என்றால் செயலாளர் காளிமுத்து. முப்பத்துநான்கு வருஷம் ஆபீசில் ஃபைல் கட்டி ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்து இல்லாமல் இங்கே மழைகூடத் தயங்கும் என்று அவரும் நம்பினார், நாங்களும் நம்பினோம். எங்களுக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்.

இந்த நகருக்கு ரஞ்சனி குடிவந்தாள். சோலூர் கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றிப்போகும் பிக்கப்பை அவளே ஓட்டுவாள். கூரைத் தகரம் காற்றில் பிய்த்துக்கொண்டால் அவளே ஏறி ஆணி அடிப்பாள். கூட ஏழு வயசு மகள். கழுத்தில் தாலி இல்லை. இல்லையே என்ற கவலையும் இல்லை. இரண்டாவதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

தண்ணீர் விண்ணப்பத்தில் 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தில் தன் பெயரையே எழுதியிருந்தாள்.

"அம்மணி, இதுல வீட்டுக்காரர் பேரு வரோணும்" என்றார் காளிமுத்து.

"அப்பிடி ஒருத்தர் இல்லைங்க."

"தவறிட்டாருங்களா?"

"கல்யாணமே ஆகலைங்க."

பேனா மூடி உருண்டு கீழே போனது. கணவனை இழந்தவர்களுக்கு ஒரு படிவம் வைத்திருந்தார். துபாய்க்குப் போன கணவர்களுக்கு ஒன்று, குடித்துவிட்டுக் காணாமல் போனவர்களுக்கு ஒன்று. இதற்கு இல்லை. படிவமே இல்லாத மனுஷி எப்படி உயிரோடு நடமாடுகிறாள் என்று அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

"அப்ப தலைவர் பதவி காலியா இருக்குது. நிரப்பப்படும் வரை தண்ணீர் நிறுத்தி வைக்கப்படுகிறது."

"பாப்பாவுக்குக் குடிக்கத் தண்ணி வேணுமுங்களே! தலைவர்னா என்ன வேலை பாக்கோணும்னு எழுதுங்க. நான் பாக்கறேனான்னு வந்து பாத்துட்டு அப்புறம் நிறுத்துங்க."

கேட்டது நியாயமாக இருந்ததால் சங்கக் கமிட்டியான எங்களுக்குக் கோபம் வந்தது. டீயும் வர்க்கியுமாக அவசரக் கூட்டம் போட்டோம்.

"எந்தப் பொம்பளையாலயும் முடியாத மாதிரிப் போடுங்க" என்றார் பொருளாளர் விஜயபாஸ்கர்.

அப்படியே போட்டோம். தலைவரானவர் சிலிண்டர் பதிந்த தேதி, பிள்ளையின் டீச்சர் பெயர், வீட்டில் யாருக்கு எந்த மாத்திரை என்பதை அறிந்திருத்தல் வேண்டும். காட்டுமாடு வந்தால் விரட்டுதல் வேண்டும். காட்டுமாட்டைச் சேர்த்தது காளிமுத்து. அதைச் சேர்த்ததில் அவருக்குத் தனி சந்தோஷம்.

ஆய்வுக்குப் போனோம். கேட்டதற்கெல்லாம் ரஞ்சனி பாத்திரம் கழுவிக்கொண்டே பதில் சொன்னாள். நடுவில் நிஜமாகவே ஒரு காட்டுமாடு வந்து நின்றது. அவள் தட்டைக் கரண்டியால் தட்டி, "போ சாமி, போ" என்றாள். அது போனது. பிறகு பிக்கப்புக்குப் பின்னாலிருந்து கமிட்டி வெளியே வந்தது.

"ஒரு ஊட்டை மட்டும் ஆய்வு செஞ்சா ஆட்சேபணை வரும். எல்லா ஊட்டையும் பாத்துருவோம்" என்றார் காளிமுத்து. விதி என்று வந்துவிட்டால் மனுஷன் யோக்கியர். முதலில் தன் வீட்டுக்கே போனார். மனைவி அருக்காணி மாவாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? தலைவர் நீங்கதானுங்க. நம்ம புள்ள என்ன படிக்கறா, சொல்லுங்க?"

"பி.எஸ்சி., ரெண்டாம் வருசம்."

"அவ வேலைக்குப் போயி ஒரு வருசமாச்சுங்க."

மாலைக்குள் ஆய்வு முடிந்தது. நாற்பத்தொரு வீடுகளில் பதவி காலி. என் வீடும் சேர்த்துத்தான். சிலிண்டரை எப்படித் திறப்பது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த முறை தண்ணீர் வந்தபோது ரஞ்சனியின் வால்வு மட்டும் திறந்தது. மற்றதையெல்லாம் காளிமுத்து தன் கையாலேயே மூடினார், தன்னுடையது உட்பட. வீட்டுக்கு வந்தால் அருக்காணி புதுப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். குடும்பத் தலைவர், அருக்காணி. சார்ந்திருப்பவர், காளிமுத்து.

"நீங்க பாக்கற வேலைன்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. என்ன போடட்டும்?"

"செயலாளர்னு போடு."

"அது பதவிங்க. வேலை என்னன்னு கேக்குது."

காளிமுத்து படிவத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மற்ற நாற்பது வீடுகளிலும் மனைவிமார் எங்களை அதே கட்டத்தில்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"குடத்தக் கொண்டுவாங்க, எல்லாருக்கும் பிடிச்சு விடறேன்!" என்று ரஞ்சனி கையில் பைப்போடு தெருவில் நின்று கூப்பிட்டாள். வெட்கத்தை விட்டு நாற்பத்தொரு தலைவர்களும் அவசரமாக எழுந்தோம். வீட்டில் குடம் எங்கே இருக்கிறதென்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.