பாதிக் கட்டுரையை எடுத்தால் திருட்டு ஆகாதுதானே?

மூங்கில்துறைப்பட்டு,
18-2-1988

மேன்மை பொருந்திய ‘நலவாசல்’ மாத இதழின் ஆசிரியர் அவர்களுக்கு, சந்தாதாரரும் கரும்பு விவசாயியுமான காசிநாதன் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு மழை இல்லையே தவிர, மற்றபடி நலம். தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் நலமாக இருக்க வேண்டும். நிற்க.

இடஒதுக்கீட்டு மறியல் முடிந்து, ரோட்டில் வெட்டிப்போட்ட புளியமரங்களை இழுத்துப் போட்ட கையோடு எங்கள் பக்கம் ஒரு வதந்தி கிளம்பியது. போலியோ சொட்டு மருந்து குடித்த பிள்ளைக்கு நாளைக்கு வாரிசே இருக்காதாம். கரும்பு வண்டி ஓட்டும் சடையன்தான் எனக்கு விளக்கினான். "தலைய எண்ணித்தான பர்சென்ட் குடுப்பாங்க? அதான் தலையவே கம்மி பண்றாங்க." சர்க்கரை ஆலை வாசலில் வரிசையில் நிற்கிற வண்டிக்காரர்களுக்கு வேறென்ன வேலை? முதல் வண்டியில் சொன்னது கடைசி வண்டிக்குப் போவதற்குள் அதில் ஒரு மந்திரியின் கையெழுத்தும் சேர்ந்துவிட்டது. மகன் பட்டாளத்தில் இருக்கிறான். மருமகள் கோகிலவாணி, என் பேத்தி இலக்கியாவுக்கு மருந்து கிடையாது என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். கால் சூம்பிப்போன பிள்ளையை அடுத்த தெருவில் தினமும் பார்க்கிறவன் நான்.

அந்த நேரம் பார்த்துத் தங்கள் ஜனவரி இதழில் ‘சொட்டு மருந்தும் சுத்தப் பொய்களும்’ என்று ஒரு டாக்டரின் இரண்டு பக்கக் கட்டுரை. உடனே பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் தனசேகரன் அதை மிஷின்மேல் கவிழ்க்கும்போதுதான் இரண்டாம் பக்கத்தின் கடைசியில் இருந்த பொடி எழுத்தைப் பார்த்தேன்: "பதிப்புரிமை பெற்றது. அனுமதியின்றி நகலெடுப்பது சட்டப்படி குற்றம்." வேர்த்துவிட்டது. கோர்ட்டு வேறு எதிரிலேயே இருக்கிறது. அடுத்தவன் வண்டியிலிருந்து ஒரு கரும்பு உருவியவன் இல்லை நான். முழுசாக எடுத்தால்தானே திருட்டு, பாதி எடுத்தால் அது மரியாதை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, முதல் பக்கத்தை மட்டும் கட்டுக்கட்டாக எடுத்து வண்டி வரிசை முழுக்கக் கொடுத்தேன்.

ஐயா, உங்கள் டாக்டர் ஏன் அப்படி எழுதினார்? பொய்யையெல்லாம் தடித்த எழுத்தில் முதல் பக்கத்திலேயே அடுக்கிவிட்டு, மறுப்பை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டாரே! சடையனுக்கே தெரியாத வதந்தியெல்லாம் அதுல இருந்துச்சு. பெரிய டாக்டரே எழுதிட்டாரு, மெட்ராஸ் புக்குலயே வந்துடுச்சுன்னு ஊரே பேச ஆரம்பிச்சிடுச்சு. அந்தத் தாளு ஜீப்புல ஏறி வெள்ளிமலைக்கும் போயிடுச்சுங்க. மருந்துப் பெட்டியோட வந்த நர்ஸ் ராணியம்மாளுக்கு ஒரு வூட்லயும் கதவு திறக்கல. அந்தம்மா என் வாசல்ல நின்னு கேட்டதைக் கடுதாசியில எழுத முடியாது. மருமகளோ அந்தத் தாளைச் சோத்துப் பசை வச்சுக் கதவுலயே ஒட்டிட்டா. அடுத்த பக்கத்தைப் படிம்மான்னு புக்கை நீட்டினா, தொடக்கூட இல்ல. "ஊருக்கு ஒண்ணு குடுத்துட்டு வூட்டுக்கு ஒண்ணு காட்டிக்கினு இருக்கீங்களா மாமா? நெஜமா இருந்தா இன்னாத்துக்கு அதையும் குடுக்கல?"

ஆகவே, இரண்டாம் பக்கத்தையும் நகலெடுத்து ஊருக்குக் கொடுக்கத் தாங்கள் பெரிய மனது வைத்து மறுதபாலில் அனுமதி அனுப்ப வேண்டும். என் பேத்தியின் காலுக்காகக் கேட்கிறேன்.

தங்கள் பிள்ளைகுட்டிகளும் அச்சு மிஷினும் நோய்நொடி இல்லாமல் ஓட வேண்டுமாய் எங்கள் ஊர் அம்மனை வேண்டும்,
காசிநாதன்

பி.கு.: உறையை ஒட்டக் கோந்து வாங்கி வரலாம் என்று இதழை மேசைமேல் திறந்து வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் வீட்டில் மருமகளும் இல்லை, பேத்தியும் இல்லை. அந்தப் பொடி எழுத்து அவள் கண்ணில் பட்டிருக்கிறது. "எடுக்கக் கூடாதுன்னு போட்டுக்கிறான்னா உள்ள இன்னாவோ நெஜம் இருக்குது" என்று அடுத்த வீட்டில் சொல்லிவிட்டு, அந்த இரண்டாம் பக்கத்தை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டு, நேராக ராணியம்மாளிடம் போய்ப் பேத்திக்கு மருந்து ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது தெருவே அந்தத் தடை செய்த பக்கத்தைக் கேட்டு என் வாசலில் நிற்கிறது. ஆகையால் ஐயா, மேலே கேட்ட அனுமதியைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். கண்டிப்பாக மறுத்து, பெரிய முத்திரையாகக் குத்தி எழுதி அனுப்புங்கள். இந்தத் தடவை அந்தத் தடைக் கடுதாசியைத்தான் முதல் பக்கமாக வைத்து ஜெராக்ஸ் எடுக்கப்போகிறேன்.