சம்பந்தி காரில் கரடி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவியும் சுகம். தங்கள் காரும் சுகம் என்று இதே வரியில் எழுதிவிடத்தான் ஆசை. ஆனால் அதற்கு மட்டும் தனியாகச் சில பக்கங்கள் தேவைப்படுகின்றன.

நடந்ததை ஃபோனில் மகளிடம் சொன்னேன். அவள் சாப்பாட்டு மேசையில் தங்களிடம் சொல்லியிருக்கிறாள். தாங்கள் சிரித்துவிட்டு, "உங்கப்பா நல்லா கரடி விடறாரும்மா. வண்டிய எங்கயோ மரத்துல சாத்தியிருப்பாரு" என்றீர்களாம். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு, "எங்கப்பா விளையாட்டுக்கு ஆயிரம் விடுவாரு மாமா, உங்க கார் விஷயத்துல விட மாட்டாரு" என்று சொல்லி எழுந்து போனாளாம். அன்றிலிருந்து நீங்கள் இருவரும் "உப்பு", "தண்ணி" தவிர வேறு எதுவும் பேசிக்கொள்வதில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். சம்பந்தி, கார் போனால் போகட்டும் என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது தங்கள் கார். ஆனால் என்னால் என் பிள்ளை அந்த வீட்டில் வாயை மூடிக்கொண்டு வளையவரக் கூடாது. அதனால்தான் ஃபோனை நம்பாமல் பேனாவை எடுத்தேன்.

நான் முன்பு சொன்ன சில கதைகளைத் தாங்கள் மனதில் வைத்திருக்கலாம். சிறுத்தையைப் பார்த்து "போ" என்றேன், அது போய்விட்டது என்று கல்யாணத்தன்று சொன்னேன். சிறுத்தை போனது நிஜம். நான் சொன்னதால் போனதா என்பதுதான் சரியாகத் தெரியாது. மற்றபடி மிருகங்களைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. காட்டுப்பன்றிகள் தோண்டிப் போடும் தண்ணீர்க் குழாய்களை மறுபடி பொருத்தித்தான் என் பிழைப்பே ஓடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் தாங்கள் காரில் மலைக்கு வந்தீர்கள். திரும்பும்போது வளைவுகளில் பெட்ரோல் அதிகம் செலவாகும் என்று காரை என்னிடம் விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் மலை இறங்கினீர்கள். "பார்த்துக்குங்க சம்பந்தி" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் இங்கே வெயில் காலம் வந்தால் காடே காய்ந்த பாய் மாதிரி ஆகிவிடும். ஒரு பொறி விழுந்தால் போதும். அதற்காகத் தெருவில் ஒரு தீத்தடுப்புக் குழு போட்டு, ரப்பர் குழாய் நிறைய வைத்திருக்கிறவன் என்பதால் என்னையே தலைவராக்கிவிட்டார்கள். நானும் மிடுக்காக மூன்று விதிகள் போட்டேன். கார்களைச் சாலையைப் பார்க்க நிறுத்த வேண்டும், கதவைப் பூட்டாமல் சாவியை உள்ளேயே வைக்க வேண்டும், தீயைக் கண்டால் நீளமாக ஹாரன் அடிக்க வேண்டும், கேட்டதும் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓட வேண்டும். இது நான்கு என்று எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் அப்போதே சொன்னார். வண்டிக்குள் தின்பண்டம் வைக்கக் கூடாது என்ற வனத்துறை விதியும் உண்டு. நான் ஒரு பிஸ்கட் துணுக்குகூட விடாமல் துடைத்துவிட்டேன். ஆனால் கண்ணாடியில் தாங்கள் ஆசையாகத் தொங்கவிட்டிருந்த அன்னாசிப்பழ வாசனை அட்டை இருந்ததே, அது தின்பண்டமா இல்லையா என்று விதியில் போடவில்லை. கரடி அதைத் தின்பண்டம் என்றே எடுத்துக்கொண்டது. தங்கள் மேல் குறை சொல்லவில்லை, நல்ல வாசனை என்றுதான் சொல்கிறேன்.

அன்று நான் கூரைமேல் ஏறிக் காய்ந்த சருகுகளை வாரிக்கொண்டிருந்தேன். திடீரென்று நம் வாசலிலிருந்தே ஹாரன். நிற்கவே இல்லை. மனைவி அடிக்கிறாள் என்று நான் நினைக்க, நான் அடிக்கிறேன் என்று அவள் நினைக்க, தெருவே பைகளைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடியது. நானும் விழுந்தடித்து இறங்கிக் கார் பக்கம் ஓடினேன். ஓட்டுநர் இருக்கையில் கறுப்புக் கோட்டு போட்ட பெரிய மனிதர் யாரோ உட்கார்ந்திருந்தார். பதற்றத்தில் கைப்பிடியைத் தொட்டபடி, "கொஞ்சம் நகருங்க சார், நான் ஓட்டறேன்" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

அதற்கப்புறம் நான் சமையலறைக்குள் எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது. சரிவில் நிறுத்தியிருந்ததால் கதவு தானாகச் சாத்திக்கொண்டு, கரடி வெளியே வர வழியில்லாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் புரிந்தது. அந்த நேரம் மைதானத்திலிருந்து வாத்தியார் ஃபோன் செய்தார்.

"தலைவரே, நெருப்பு எங்க?"

"நெருப்பு இல்ல சார், கரடி."

"இந்த நேரத்துல கரடி விடாதீங்க தலைவரே. இங்கிருந்து பார்த்தா புகை நல்லாத் தெரியுதே."

"எங்க சார்?"

வாத்தியார் குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுக்குப் பின்னாலதான். காலையில சருகைக் கூட்டிக் கொளுத்தினேன். தொண்ணூறு சதவீதம் அணைச்சிட்டுத்தான் உள்ள வந்தேன்" என்றார். மீதிப் பத்து சதவீதம் புல்லைப் பிடித்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. நல்லவேளை, மொத்தத் தெருவும் ஒரே இடத்தில் கூடியிருந்ததால் ஈரச் சாக்கும் என் ரப்பர் குழாயுமாக ஓடிப்போய் அடித்து அணைத்துவிட்டார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத வீடும் இல்லை, மேசையும் இல்லை. அதாவது சம்பந்தி, தங்கள் அன்னாசி வாசனைதான் எங்கள் தெருவைக் காப்பாற்றியது. இதைப் புகழ்ச்சிக்காகச் சொல்லவில்லை.

ஆனால் எல்லோரும் நெருப்புப் பக்கம் போய்விட்டதால் கரடிப் பக்கம் சாட்சிக்கு ஆள் இல்லை. என் ஃபோனில் படம் பிடிக்கும் வசதியும் கிடையாது. கொக்கி கட்டிய கயிற்றைக் கம்பால் தள்ளிக் கார்க் கதவின் கைப்பிடியில் மாட்டி, ஜன்னலுக்குள் நின்று இழுத்தேன். கரடி நிதானமாக இறங்கி, உடம்பை உதறி, காரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போயிற்று. என் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவியிடம், "பார்த்தல்ல? நீதான் சாட்சி" என்றேன். "நான் எங்கங்க பார்த்தேன், கண்ணை மூடிக்கிட்டில்ல இருந்தேன்" என்றாள். பின்னால் வந்த வனக்காவலரும் இருக்கையில் இருந்த மயிரை எடுத்துப் பார்த்து, "கரடியா இருக்கலாம், பெரிய நாயாவும் இருக்கலாம். நான் நேர்ல பார்க்கலையே" என்றார். நாய் ஹாரன் அடிக்குமா என்று கேட்டேன். கரடி மட்டும் அடிக்குமா என்று கேட்டார்.

சேதம் அதிகமில்லை. கிழிந்த இருக்கையைத் தெருமுனைத் தையற்காரம்மாவிடம் கொடுத்துத் தைத்துவிட்டேன். சாம்பல் நிறத் துணி கிடைக்காததால் ஓட்டுநர் இருக்கை மட்டும் நீலம். ஸ்டீயரிங்கில் பல் பதிந்த இடத்தில் குழாய்க்குச் சுற்றும் டேப்பைச் சுற்றியிருக்கிறேன், ஒரு சொட்டு கசியாது. தொங்கிய கூரைத் துணியைக் குழாய்ப் பசையால் ஒட்டி, காற்றாடக் கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறேன். தங்களுக்கு வித்தியாசமே தெரியக் கூடாது என்று கடை கடையாக அலைந்து அதே அன்னாசி வாசனை அட்டையை வாங்கினேன். கரடி வாடை போக வேண்டுமே என்று இரண்டாகத் தொங்கவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வந்து காரை எடுத்துக்கொள்ளலாம். வளைவுகள் முடியும்வரை நானே ஓட்டி வருகிறேன், தாங்கள் பெட்ரோலைப் பற்றிக் கவலைப்படாமல் கண்ணை மூடிக்கொள்ளலாம். என்னை நம்பாவிட்டாலும் பரவாயில்லை, மகளிடம் மட்டும் "உப்பு" தவிர இன்னும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். அவள் என் மாதிரி இல்லை, அவளுக்கு விடத் தெரியாது.

சம்பந்தியம்மாவுக்கு என் பணிவான வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசி. எல்லோரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், தங்கள் காரும் இன்னும் சில வருஷமாவது நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் ஹாரன். பசை காய்வதற்காகத் திறந்து வைத்த கதவு, சரிவில் தானாகச் சாத்திக்கொண்டுவிட்டது. மேலே இருக்கை, ஸ்டீயரிங், கூரைத் துணி பற்றி எழுதியதையெல்லாம் தயவுசெய்து அடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு இரண்டு பக்கமும் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். வாத்தியார் இந்தத் தடவை முதலில் தன் வீட்டுப் பின்புறம் போய்ப் பார்த்துவிட்டு, பிறகு தன் மாடியிலிருந்து படம் எடுத்து என் மகளுக்கு அனுப்பிவிட்டார். தெருவே மாடிகளில் நிற்கிறது. வனக்காவலரும் வந்து நேரில் பார்த்துவிட்டு, "நாய் இல்லை" என்று ஒப்புக்கொண்டார். கயிறு மனைவி கையில் இருக்கிறது, கண்ணைத் திறந்துகொண்டுதான் நிற்கிறாள். போன தடவை யாரும் பார்க்குமுன் விட்டதுதான் நான் செய்த தப்பு. இனிமேல் நான் கரடி விடுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது சம்பந்தி. இந்த நிமிஷம்வரை நான் விடவில்லை.